வாய்விட்டு எண்ணாத ஊரில் தூபா

போன இலையுதிர் காலத்தில், ஜெரெஷ்க் பழப் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர் ஆளில்லாத ஊர் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது. ஏறிய நேரத்தில் ஊரே முட்செடிக்குள் கையை விட்டுக் கீறல் வாங்கிக்கொண்டிருந்தது. நான் என் மினிபஸ்ஸை ஓட்டிக்கொண்டு பீர்ஜந்த் நகரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில், பழைய ஊர் பிரியும் இடத்தில், ஒரு இளைஞர் பளபளக்கிற ஷூவோடு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கார். இரண்டு டயரும் முள் குத்திப் போயிருந்தன.

பேனா வைத்திருக்கிற எவரையும் நாங்கள் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவோம். மரியாதைக்கு மரியாதை, வம்புக்கு வம்பு.

"எந்த ஊருக்கு இன்ஜினியர்?"

"கலாத்தே அன்னாப்னு ஒரு ஊர் இருந்துச்சாம். பாத்துட்டேன். வெறும் இடிஞ்ச சுவரு. ஒருத்தருமில்ல. 'மக்கள் இல்லை'ன்னு எழுதியாச்சு."

"நான் அந்த ஊருதான். அப்ப என்னை என்னன்னு நெனச்சீங்க, ஜின் பூதமா?"

மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. விஷயம் இதுதான். பூகம்பத்தில் பழைய ஊர் தரைமட்டமானதும், பிழைத்தவர்கள் மேலே மலைச்சரிவில் வீடு கட்டிக்கொண்டோம். இருபத்தெட்டு வருடமாகிறது. வரைபடத்துக்கு மட்டும் இன்னும் சேதி எட்டவில்லை. அவர் பெயர் ஷோகூஹி. சுகாதார அலுவலகத்திலிருந்து தலைக்கணக்கு எடுக்க வந்தவர். நூறு பேருக்குக் குறைந்த ஊர்களில் சுகாதார நிலையத்தை மூடி, கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். கணவாயில் பனி விழுந்தால் பிப்ரவரி வரை என் வண்டியே போகாது. அதைவிட, அந்த நிலையத்தை மூடினால் தூபா எங்களுக்கு இல்லை.

தூபாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகையும்.

அவள் என் சித்தப்பா மகள். எங்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளர். வெள்ளைச் சுவரும் ஒரு படுக்கையும் தடுப்பூசிப் பெட்டியும் உள்ள இரண்டு அறைதான் அவள் ராஜ்ஜியம். பூகம்பத்தில் தாயையும் இரண்டு தம்பிகளையும் பறிகொடுத்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. கல்யாணமான கையோடு நகரத்துக்குப் போய் இரண்டு வருடம் படித்து வந்தாள். அப்போது ஊர் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், எதற்கு மறைப்பானேன்? "பச்சிலை கட்டுற கிழவி செத்து இன்னும் மண்ணு காயல, அதுக்குள்ள இவ டாக்டரம்மாவா?" என்று வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மறு மாதமே என் காலில் தேள் கொட்டியது. அவள் ஊசி போட்டாள். போட்டுவிட்டு, "கிழவியைக் கூப்பிடட்டுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக நடக்கிறாள். வருவதற்கு முன் அவள் திட்டுதான் கேட்கும். "அந்தத் தண்ணியையா பிள்ளைக்குக் குடுக்கிறே? ஆட்டுக்குக் குடுப்பியா?" அப்படித் திட்டியவள்தான் மூன்று நாள் ஜுரத்தில் கிடந்த கிழவருக்கு, பெற்ற மகள்கள் முகம் சுளித்த வேலையெல்லாம் செய்தாள். என் மருமகள் மாஹ்ரோக்குக்கு ரத்த அழுத்தம் ஏறுவதை முதலில் கண்டதும் அவள்தான். பட்டப்பகலில் வண்டியில் ஏற்றி நகரத்துக்குப் புறப்பட்டோம். கணவாய் தாண்டுவதற்குள் என் மினிபஸ்ஸின் மூன்றாவது சீட்டில் பேத்தி பிறந்துவிட்டாள். "நிறுத்து அண்ணே!" என்பாள், "ஓட்டு அண்ணே!" என்பாள், நான் எதைச் செய்தாலும் திட்டினாள். பேத்தி அழுத பிறகுதான் தூபாவின் திட்டு நின்றது. அன்று பார்த்தேன் அவளை. அவளுக்கு ஈடாக இந்த மாவட்டத்திலேயே ஒருத்தி இல்லை. யாராவது இருக்கிறாள் என்றால் கூட்டி வரட்டும், நான் வண்டிக் காசு வாங்காமல் ஏற்றி வருகிறேன்.

ஷோகூஹி வந்தபோது அந்தக் குழந்தைக்கு எட்டு நாள்.

இப்போது எங்கள் ஊர்ப் பிடிவாதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூகம்பம் வருவதற்கு முன், நிலம் அளக்க வந்த ஒருவன் தொழுகைக் கூடத்து மொட்டை மாடியில் ஏறி, கீழே கூடியிருந்தவர்களை விரல் நீட்டி எண்ணினான். "இருநூத்து அறுபத்து மூணு! நல்லா பெருகிட்டீங்கப்பா!" என்று சத்தமாகச் சொன்னான். பத்தொன்பதாவது நாள் நண்பகலில் பூமி ஆடியது. எழுபத்தொரு பேரைப் புதைத்தோம். என் மனைவி கோலந்தாமின் முதல் பிள்ளையும் அதில் ஒன்று. அந்த ஆள் அவனைத்தான் கடைசியாக, அவள் இடுப்பில் இருந்தவனை, கன்னத்தைக் கிள்ளி எண்ணினான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே, நாங்கள் இரண்டையும் பட்டவர்கள். அதிலிருந்து ஆட்டை எண்ணுவோம், மரத்தை எண்ணுவோம், மனுஷரை எண்ண மாட்டோம். எத்தனை பிள்ளை என்று கேட்டால் "கடவுள் குடுத்தது இருக்கு" என்போம். நாற்பது நாள் ஆகாத குழந்தையை வெளியாளிடம் வாயால்கூடச் சொல்வதில்லை.

தூபாவுக்கோ வேலையே எண்ணுவது. ஒவ்வொரு வருடப் பிறப்பன்றும் சுவரில் ஒரு பெரிய வட்டப்படம் ஏற வேண்டும். எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை பிறப்பு, எத்தனை சாவு என்று எல்லாம் அதில் வர வேண்டும், அன்றன்றைக்குத் திருத்தவும் வேண்டும். இந்த ஊரில் போய்க் கதவைத் தட்டி "எத்தனை பேர்?" என்று கேட்டால் செருப்புதான் வரும். அவள் கேட்கவே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. வியாழக்கிழமை பொதுத் தந்தூரில் ரொட்டி சுடும்போது மாவு தட்டிக்கொடுக்க வந்து உட்காருவாள். எந்த வீட்டுக்கு எத்தனை ரொட்டி போகிறது என்று கண் பார்க்கும், வாய் ஊர்க்கதை பேசும். வாசலில் செருப்பைப் பார்ப்பாள், கொடியில் துணியைப் பார்ப்பாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவாள். பிள்ளை பெற்ற பெண்களிடம் ஒரே வாக்கு: "உன் பிள்ளை என் காகிதத்துல இருக்கும். என் வாயில இருக்காது." இந்த ஒரு வாக்கை நம்பித்தான் எங்கள் பெண்கள் தடுப்பூசிக்குக் கை நீட்டினார்கள். கோலந்தாமும் பேத்தியை அவளிடம் மட்டும்தான் கொடுத்தாள்.

கணக்கில் கறார் என்றால் அப்படி ஒரு கறார். பெற்ற மகள் பீர்ஜந்துக்குப் படிக்கப் போன அன்றே வட்டப்படத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

"பெத்த பொண்ணுடி, ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?" என்று கோலந்தாம் கேட்டாள்.

"அவ துணி அங்க காயுது அண்ணி. துணி எங்க காயுதோ அங்கதான் ஆளு."

ஷோகூஹி எங்கள் வீட்டில்தான் தங்கினார். காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்து, வால்நட்டும் நெய்யும் போட்டு, ரொட்டி பிய்த்து வைத்தாள் கோலந்தாம். நன்றாகவே சாப்பிட்டார். அடுத்த அறையில் மாஹ்ரோக் குழந்தையின் வாயில் மார்பை வைத்து அழாமல் பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலை நோட்டை எடுத்தார். "வீட்ல எத்தனை பேர்?" என்றார். கோலந்தாம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கடவுள் புண்ணியத்துல கொறைவில்ல" என்றேன்.

"பேரையாவது சொல்லுங்க."

பேர் சொல்லலாம். என் பெயர், அவள் பெயர், மகன், மருமகள், நாலு வயதுப் பேரன். அதோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் நிறுத்தினேன். என்னைப்போலவே இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்கள் செய்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொருவனும் 'நம்ம வீட்டு ஒண்ணு குறைஞ்சா குடியா முழுகிடும்?' என்று நினைத்திருக்கிறான்.

ஜெரெஷ்க் காய வைத்திருந்த முற்றங்களையெல்லாம் தாண்டித் தாண்டி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுச் சுகாதார நிலையத்துக்கு வந்தார் ஷோகூஹி. நானும் கூடப் போனேன். அவர் நோட்டில் தொண்ணூற்று நாலு. சுவரில் தூபாவின் வட்டப்படத்தில் நூறு.

"ஆறு பேர் எங்கம்மா?" என்றார்.

"ஊர்லதான் இருக்காங்க."

"எந்த வீட்ல?"

தூபா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே உளறியிருப்பேன்.

"இப்படிப் படம் எல்லா ஊர் நிலையத்துலயும் இருக்கு. பட்டணத்துல குடியிருக்கிறவன் பேரையெல்லாம் சேத்து எழுதி வெச்சிருக்காங்க. நான் ஏமாற மாட்டேன். வீட்டுக்காரங்க வாயால சொன்னது, இல்ல கண்ணால பாத்தது, அதைத்தான் எழுதுவேன். எந்த வீட்ல மறைச்சாங்கன்னு சொல்லுங்க, திரும்பப் போய்ப் பாக்கறேன்."

"சொல்ல மாட்டேன் இன்ஜினியர்."

"அப்ப நீங்க பொய் எழுதியிருக்கீங்க. வேலையைக் காப்பாத்திக்க ஆறு பேரைச் சேத்திருக்கீங்க. அதையும் எழுதுவேன்."

"எழுதிக்குங்க" என்றாள். குரல் இறங்கவே இல்லை. அலமாரியைத் திறந்து தடுப்பூசிப் பெட்டியின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. வெளியே வந்து, பழம் பறித்துவிட்டு வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினேன். "அடே, தூபாவைப் பொய்க்காரின்னு எழுதிட்டாரு! நம்ம யோக்கியதைக்கு அவ பலி! யார் யார் வீட்ல மறைச்சீங்களோ அவனவன் கண்ணாடியில மூஞ்சியப் பாருங்கடா! நான் மொதல்ல பாக்கறேன்!"

"கத்தாத ஸஃபர், சினை ஆடு கருக்கலைஞ்சுரும்" என்றாள் ஒருத்தி. சிரிப்பு வரவில்லை யாருக்கும்.

ஷோகூஹி என் மினிபஸ்ஸில்தான் திரும்ப வேண்டும். வந்து ஏறி உட்கார்ந்தார். "போலாமா?"

"வண்டி கெளம்பாது."

"ஏன், ரிப்பேரா?"

"ஆமா. டிரைவர் ரிப்பேர்."

அவர் என்னைத் திட்ட வாயெடுத்தார். அதற்குள் நிலையத்தின் முன்னால் ஆள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முதலில் வந்தவர் தூபாவின் புருஷன் ஹபீப். வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர். "எண்ணுங்க" என்றார், அந்த வருடத்தில் அவருக்கு ஒன்பது வார்த்தை மிச்சம். அவருக்குப் பின்னால் ஒரு வீடு, அதற்குப் பின்னால் இன்னொரு வீடு. கிழவிகள் கண்ணேறு கழிய இஸ்ஃபந்த் விதையை நெருப்பில் போட்டுப் புகையைச் சுற்றினார்கள். மறைத்து வைத்திருந்த சின்னதுகள் ஒவ்வொன்றாக முந்தானைக்குள்ளிருந்து வெளியே வந்தன. தாய்மார்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக எங்கள் ஊர் எண்ணுவதற்காக நின்றது.

ஷோகூஹி இறங்கி வந்து, விரல் நீட்டி, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். தூபா அவர் பக்கத்தில் நின்றாள். பாதி வரிசை போனதும் திடீரென்று உள்ளே நுழைந்து ஒருவன் காதைப் பிடித்து இழுத்தாள். என் தங்கை மகன் பெஹ்ரூஸ், மஷ்ஹத் நகரத்திலிருந்து பழம் பறிக்க வந்தவன்.

"நீ எங்கடா இங்க?"

"ஊருக்கு உதவிதான சின்னம்மா!"

"உன் துணி எங்க காயுது?"

"மஷ்ஹத்ல."

"அங்க போய் நில்லு."

இப்படி நான்கு பேரை வெளியே தள்ளினாள். ஒருவர் எழுபது வயதுக்காரர், மூட்டுவலிக்கு அவளிடம் மருந்து வாங்குகிறவர். ஆனால் குடியிருப்பது மகளோடு நகரத்தில். "உன் வேலைக்குத்தானடி வந்து நின்னேன், நன்றி கெட்டவளே!" என்று முனகிக்கொண்டே போனார். ஷோகூஹியின் பேனா நின்றது. அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நிமிஷம்தான் அவர் மனசு மாறியது என்று நான் சத்தியம் செய்வேன். அதற்குப் பிறகு எண்ணும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

கடைசி ஆள் வரைக்கும் வந்தார்.

"தொண்ணூத்தொம்பது."

நான் தரையைப் பார்த்தேன். மாஹ்ரோக் வரிசையில் வெறுங்கையோடு நின்றிருந்தாள். குழந்தை கோலந்தாமிடம், கோலந்தாம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அவள் பெயர் நோட்டில் முன்பே இருந்ததால் அவளையும் சேர்த்துத்தான் தொண்ணூற்றொன்பது. போய் அவளை இழுத்து வா என்று ஒரு மனசு சொன்னது. எந்த முகத்தோடு போவேன்? எங்கள் முதல் பிள்ளையைக் குழிக்குள் வைத்ததும் நான்தானே.

"ஒண்ணு கொறையுது" என்றார் ஷோகூஹி. இப்போது அவர் குரலிலும் கெஞ்சல் இருந்தது. "உங்க படத்துல நூறு இருக்கே அம்மா?"

"படம் தப்பு" என்றாள் தூபா.

"தப்பா?"

"நான்தான் தப்பா எழுதிட்டேன். தொண்ணூத்தொம்பதுதான். எழுதிக்கிட்டுக் கெளம்புங்க. வெயில் எறங்குது."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. எந்தச் சுகாதார நிலையத்துக்காக இவ்வளவு பாடுபட்டாளோ, அதை மூடுகிற பொய். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சொன்ன பொய். எனக்கு அழுகை வந்துவிட்டது. டிரைவர் அழுவதை ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

ஷோகூஹி பேனாவைத் தாளில் வைத்தபோது, "நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

கோலந்தாம் வந்துகொண்டிருந்தாள். வழியெல்லாம் கால் இடறியது. குழந்தையைத் துணியோடு துணியாக மார்பில் அழுத்தியிருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. வரிசையின் கடைசியில் நின்று, குழந்தையின் முகத்தை மூடியிருந்த துணியை அவளே விலக்கினாள். ஷோகூஹி விரலை நீட்டப் போனார். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"நீங்க எண்ண வேணாம். நானே எண்ணுறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நூறு."

தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேகமாகக் கலைந்தார்கள். ஷோகூஹி 'மக்கள் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு நூறு என்று எழுதினார். வரைபடத்தில் ஊரை மேலே நகர்த்தச் சொல்கிறேன் என்றார். தூபாவிடம் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து மன்னிப்புக் கேட்டார். நல்ல பையன்தான், பாவம். அவரை நகரத்தில் விட்டுவிட்டு மறுநாள் நான் திரும்பியபோது நிலையம் திறந்திருந்தது, சாவி பழைய இடத்தில் இருந்தது.

ஆனால் என் வீட்டுக்குள் கோலந்தாம் இல்லை. முற்றத்தில், காய்கிற ஜெரெஷ்க்குக்கு நடுவே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். முந்தின சாயங்காலத்திலிருந்து கூரைக்குக் கீழே போகவில்லையாம்.

"எண்ணியாச்சு. இனி கூரை விழும். எனக்குத் தெரியும்."

"பைத்தியமா உனக்கு? பிள்ளை குளிர்ல வெறைச்சிடும்!" என்று கத்தினேன். மாஹ்ரோக் அழுதாள், மகன் கெஞ்சினான். அவள் அசையவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தூபா வந்தாள். தலையில் சுருட்டிய படுக்கை. எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், பெரிய அறையின் நடுவில், உத்தரத்துக்கு நேர் கீழே படுக்கையை விரித்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணி, உள்ள வாங்க. கணக்கு என்னோடது. விழுறதுன்னா மொதல்ல என் மேல விழட்டும்."

பூகம்பத்தில் தாயை உத்தரத்துக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்த பெண் அது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோலந்தாம் எழுந்தாள். குழந்தையோடு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குழந்தைக்கு நாற்பது நாள் நிறைய இன்னும் முப்பது நாள் இருந்தது. அந்த முப்பது நாளும் பகலில் வீடு வீடாக நடந்து, சாயங்காலம் ஹபீபுக்குச் சோறு போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்து படுத்தாள் தூபா. ஒரு நாள்கூட அந்தப் படுக்கையை உத்தரத்துக்குக் கீழேயிருந்து ஒரு சாண் தள்ளிப் போடவில்லை.